கரோனரி பிஸ்டுலா: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதய நோய்ப் பிரிவில் நர்சாக இருக்கிறேன், வீடு தண்டையார்பேட்டை. எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டின் கடைசி வரியில் 'கரோனரி கேமரல் பிஸ்டுலா' என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, ஓ.பி. வாசலிலேயே நின்று என்னைக் கேட்டவர்களின் கேள்விகள்தான் இவை. சர்க்கரை, பி.பி. என்றால் பக்கத்து வீட்டிலேயே விவரம் சொல்ல ஆள் இருக்கும். இது அபூர்வமான கோளாறு, அப்படி யாரும் கிடைக்க மாட்டார்கள். சிகிச்சையை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் டாக்டர். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு உள்ளே போவதற்காக இதை எழுதுகிறேன்.

சிஸ்டர், ஹார்ட்ல ஓட்டைன்னு சொல்றாங்களே, அதுவா இது?

இல்லை. ஹார்ட்டில் ஓட்டை என்று நாம் சொல்வது இரண்டு அறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் இருக்கும் துளை. இது ரத்தக் குழாயில் வரும் கோளாறு.

உடம்பு முழுவதற்கும் ரத்தம் அனுப்பும் இதயத்துக்கும் தனியாக ரத்தம் வேண்டும். அதைக் கொண்டுவருபவை கரோனரி தமனிகள். பெருந்தமனி இதயத்தை விட்டுக் கிளம்பும் இடத்திலேயே, வால்வுக்குச் சற்று மேலே, வலதில் ஒன்றும் இடதில் ஒன்றுமாக இவை பிரிகின்றன. இடது தமனி கொஞ்ச தூரத்திலேயே மறுபடி இரண்டாகும். அங்கிருந்து கிளை கிளையாக மெலிந்து, தந்துகிகள் என்ற மயிரிழைக் குழாய்கள் வழியாகத் தசைக்கு ஆக்ஸிஜனைக் கொடுத்துவிட்டு, சிரைகளில் சேர்ந்து, கரோனரி சைனஸ் வழியாக ரத்தம் வலது மேலறைக்குத் திரும்புகிறது.

பிஸ்டுலா உள்ளவருக்கு இந்தத் தமனிகளில் ஏதோ ஒன்றிலிருந்து ஒரு குறுக்குவழி கிளம்பி, தந்துகிகளைத் தொடாமலே நேராக இதய அறைக்குள் திறந்துவிடுகிறது. அந்த வழியில் போகும் ரத்தம் தசைக்குப் பயன்படாது. அறைக்குள் திறந்தால் 'கேமரல்' என்ற சொல்லைச் சேர்ப்பார்கள். அறைக்குள் திறக்காமல் நுரையீரல் தமனியிலோ கரோனரி சைனஸிலோ போய்ச் சேரும் வகைகளும் உண்டு. டயாலிசிஸுக்காகக் கையில் போடும் பிஸ்டுலாவுக்கும் பவுத்திரத்துக்கும் இதோடு எந்தச் சம்பந்தமும் இல்லை.

எத்தனை பேருக்கு வரும்?

பொதுமக்களில் சுமார் 0.002 சதவீதம், அதாவது லட்சம் பேரில் 2 பேர் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. ஆனால் வேறு காரணத்துக்காக ஆஞ்சியோ (மருந்து செலுத்தி எடுக்கும் ரத்தக் குழாய்ப் படம்) எடுப்பவர்களைப் பார்த்தால் ஆயிரத்தில் 1 அல்லது 2 பேருக்குத் தென்படுகிறது. இவ்வளவு வித்தியாசம் ஏன்? சின்ன பிஸ்டுலாவோடு எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழ்ந்து முடிப்பவர்கள் நிறைய. படம் எடுத்தால்தானே தெரியும்! 1865லேயே கிரவுசே என்ற ஜெர்மன் மருத்துவர் இதைப் பதிவு செய்திருக்கிறார். இப்போது சி.டி. ஆஞ்சியோ பரவலாகிவிட்டதால் தற்செயலாகக் கண்டுபிடிப்பது கூடியிருக்கிறது.

வயித்துல புள்ள இருக்கும்போது நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?

இந்தக் கேள்வியை அம்மாக்கள் மட்டும்தான் கேட்கிறார்கள். கிரகணத்தில் வெளியே வந்தேன், பப்பாளி சாப்பிட்டேன், கனமான குடத்தைத் தூக்கினேன் என்று ஒவ்வொருவரும் ஒரு காரணத்தை மனதில் வைத்துக்கொண்டு தவிக்கிறார்கள். பக்கத்தில் மாமியாரும் நின்றுகொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. கருவில் இதயம் உருவாகத் தொடங்கும்போது கரோனரி தமனிகள் கிடையாது. தசையின் இடுக்குகளில் உள்ள நுண்ணிய பைகள் வழியாக, அறைக்குள் இருக்கும் ரத்தமே தசைக்கு ஊட்டம் கொடுக்கிறது. பிறகு தமனிகள் வந்து சேர, அந்தப் பழைய வழிகள் சுருங்கி மூடிக்கொள்ளும். ஏதோ ஒன்று மூடாமல் நின்றுவிட்டால் அது பிஸ்டுலாவாகிறது. இது நடப்பது கர்ப்பத்தின் ஆரம்ப வாரங்களில்; பலருக்குத் தாங்கள் கர்ப்பம் என்பதே அப்போதுதான் தெரியவரும்.

சொந்தத்தில் கல்யாணம் செய்தது காரணமா என்றும் கேட்பார்கள். நெருங்கிய சொந்தத்தில் மணம் செய்வது பிறவி இதயக் கோளாறுகளின் வாய்ப்பைப் பொதுவாகக் கொஞ்சம் கூட்டும் என்பது உண்மை. ஆனால் பிஸ்டுலா பெரும்பாலும் குடும்பத்தில் வேறு யாருக்குமே இல்லாமல் ஒருவருக்கு மட்டும் வருகிற கோளாறு.

பிறக்கும்போது இல்லாம, பெரியவங்களுக்குப் புதுசா வருமா?

அரிதாக வரும். நெஞ்சில் கத்திக்குத்து, விபத்தில் பலத்த அடி, இதய அறுவை சிகிச்சை, ஆஞ்சியோபிளாஸ்டி ஆகியவற்றுக்குப் பிறகு வந்ததுண்டு. இதய மாற்று செய்தவர்களுக்கு இதயத் தசையில் துணுக்கு எடுத்துச் சோதிக்கும்போதும் உண்டாகலாம். அப்படி வருபவற்றில் பல சின்னவை, தொந்தரவு தராதவை.

எங்க போய்த் திறந்தா என்ன, ரத்தம் ஹார்ட்டுக்குள்ளதானே போகுது? அதுல என்ன கெடுதல்?

நல்ல கேள்வி. இதற்குப் பதில் புரிந்துவிட்டால் மற்ற எல்லாமே புரியும்.

மெட்ரோ வாட்டர் லைனில் ஒரு வீட்டுக்காரர் நேராக மோட்டார் போட்டு இழுத்தால் தெருக்கோடி வீட்டுக் குழாய் என்ன ஆகும் என்று கொருக்குப்பேட்டைக்காரர்களுக்கோ வியாசர்பாடிக்காரர்களுக்கோ நான் சொல்ல வேண்டியதில்லை. லைனில் தண்ணீர் வருகிறது, கோடி வீட்டில் மட்டும் காற்றுதான். பெரிய பிஸ்டுலா இருந்தால், அதைத் தாண்டி இருக்கும் இதயத் தசைக்கு நேர்வதும் அதுவே. இதைத்தான் டாக்டர்கள் 'கரோனரி ஸ்டீல்' என்பார்கள். தமனியில் அடைப்பே இல்லாமல் நெஞ்சு வலி வருவது இப்படித்தான்.

இனி அழுத்தக் கணக்கு. பெருந்தமனியில் அழுத்தம் சுமார் 120க்கும் 80க்கும் நடுவில் ஏறி இறங்கும். வலது கீழறையில் அது சுருங்கும்போது 25 அளவில்தான், தளரும்போது 5க்கும் கீழே. ஆகவே பிஸ்டுலா வலது பக்கம் திறந்தால் சுருங்கும்போதும் தளரும்போதும் ஓய்வில்லாமல் ரத்தம் அந்தப் பக்கம் பாயும். 90 சதவீதத்துக்கும் மேற்பட்ட பிஸ்டுலாக்கள் வலது பக்க அறைகளிலோ நுரையீரல் தமனி போன்ற வலது பக்கக் குழாய்களிலோதான் திறக்கின்றன. கிளம்பும் இடம் என்று பார்த்தால் வலது கரோனரி தமனியே அதிகம். இப்படி வந்து சேரும் உபரி ரத்தம் மறுபடி நுரையீரலுக்குப் போய், அங்கிருந்து இடது பக்கம் திரும்பி வருகிறது. ஒரே ரத்தத்தை இதயம் இரண்டாவது முறை சுமக்கிறது. வருடக்கணக்கில் சுமந்தால் அறைகள் விரியும், தமனியும் பருத்து வளைந்து நெளியும்.

இடது கீழறைக்குள் திறந்தால் கதை வேறு. அது சுருங்கும்போது அதன் அழுத்தமும் 120தான், பாய்ச்சலுக்கு இடமில்லை. தளரும்போது மட்டும் ரத்தம் உள்ளே போகும். ஆனால் கரோனரி தமனிகள் தசைக்கு அதிகமாக ரத்தம் கொடுப்பதும் அந்தத் தளரும் நேரத்தில்தான்.

அதனால் ரிப்போர்ட்டில் பிஸ்டுலா என்ற சொல்லைப் பார்த்ததும் மனம் உடைய வேண்டாம். எங்கே கிளம்புகிறது, எங்கே திறக்கிறது, எவ்வளவு அகலம், அறை விரிந்திருக்கிறதா என்ற நாலு விஷயங்களைக் கேளுங்கள். ஒரே பெயரில், ஆயுசுக்கும் ஒன்றும் செய்யத் தேவையில்லாத கோளாறும் உண்டு, இந்த வருடமே மூட வேண்டிய கோளாறும் உண்டு.

என்னென்ன தொந்தரவு வரும்?

சின்னதாக இருந்தால் ஒன்றுமே வராது. பெரியதாக இருந்தால்கூட பலருக்கு 20 வயது வரை ஒன்றும் தெரியாமல் இருந்து, பிறகு மாடி ஏறினால் மூச்சு வாங்குவது, படபடப்பு, நடந்தால் நெஞ்சை அழுத்துவது, சீக்கிரம் களைத்துப் போவது, காலில் வீக்கம் என்று ஒவ்வொன்றாக வரும்.

நம் பக்கத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. எண்ணூர், மணலி, திருவொற்றியூர்க்காரர் மூச்சு வாங்குகிறது என்றால் 'இந்தக் காத்துக்கு மூச்சு வாங்காம என்ன பண்ணும்' என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிடுகிறார்கள். கடையில் வீசிங் மாத்திரை வாங்கிப் போட்டே காலத்தை ஓட்டுகிறார்கள். காற்று கெட்டிருப்பது உண்மைதான், நானும் அதைத்தான் சுவாசிக்கிறேன். ஆனால் இன்ஹேலருக்கும் அடங்காத மூச்சுத் திணறல் என்றால் ஒரு ஈசிஜியும் எக்கோவும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். காற்றின் மேல் பழியைப் போட்டு இதயத்தைப் பார்க்காமல் விட்டவர்களை நாங்கள் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறோம்.

கைக்குழந்தைக்கு அடையாளம் வேறு. பால் குடிக்கும்போது நெற்றியும் தலையும் வியர்த்துக் கொட்டும். நாலு வாய் குடித்துவிட்டு மூச்சிறைக்க நிறுத்தும், மறுபடி குடிக்கும், களைத்துத் தூங்கிவிடும். எடை ஏறாது. இதை உரம் விழுந்துவிட்டது என்று உரம் எடுக்கத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், திருஷ்டி கழிக்கிறார்கள். கழியுங்கள், நான் தடுக்கவில்லை. அதே வாரத்தில் குழந்தைகள் டாக்டரிடமும் காட்டிவிடுங்கள். இந்த அடையாளங்கள் பிஸ்டுலாவுக்கு மட்டும் உரியவை அல்ல. இடது கரோனரி தமனி பெருந்தமனியிலிருந்து கிளம்பாமல் நுரையீரல் தமனியிலிருந்து கிளம்பும் ஒரு கோளாறு உண்டு. பிறந்து சில வாரங்களில் அதுவும் இப்படித்தான் காட்டும். அதில் தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

ஸ்கூல் செக்கப்ல 'மர்மர் கேக்குது'ன்னு எழுதி அனுப்பிட்டாங்க. பி.டி.ஏ.வா இருக்கும்னாங்க, இப்ப பிஸ்டுலாங்கறாங்க. யார் சொல்றது சரி?

இரண்டு பேருமே ஒழுங்காகத்தான் கேட்டிருக்கிறார்கள். ஸ்டெத் வைத்தால் லப்–டப் என்ற இரண்டு ஒலிக்கு நடுவில் அமைதி இருக்க வேண்டும். வலது பக்கம் திறக்கும் பிஸ்டுலாவில் அந்த அமைதி இருக்காது. விடாமல் ஒரு இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். இப்படிப்பட்ட இரைச்சலைத்தான் மர்மர் என்பார்கள். பிறந்ததும் மூட வேண்டிய குழாய் மூடாமல் இருக்கும் பி.டி.ஏ.விலும் இதே தொடர் இரைச்சல்தான். பி.டி.ஏ. என்றால் இடது காறை எலும்புக்குக் கீழே உரக்கக் கேட்கும். பிஸ்டுலா என்றால் பெரும்பாலும் இன்னும் கீழே, நெஞ்செலும்பின் ஓரத்தில் கேட்கும். அழுகிற குழந்தையின் நெஞ்சில் இந்த இடத்தைப் பிரித்தறிவது சுலபமில்லை.

இந்தக் குழப்பத்துக்கு வயது அதிகம். 1947ல் ஸ்வீடனில் பியோர்க், கிராஃபோர்ட் என்ற இருவர் பி.டி.ஏ. என்று நினைத்து நெஞ்சைத் திறந்து, உள்ளே கரோனரி பிஸ்டுலாவைக் கண்டு அதை மூடினார்கள். பிஸ்டுலாவை அறுவை செய்து மூடிய முதல் பதிவே அதுதான். அவர்களிடம் எக்கோ இல்லை. நம்மிடம் இருக்கிறது, அதனால் மர்மர் என்று எழுதிவந்த சீட்டை வீட்டில் மடித்து வைக்காமல் எக்கோ எடுத்துவிடுங்கள்.

எந்த டெஸ்ட்ல உறுதியா தெரியும்?

முதலில் எக்கோ. இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, நெஞ்சில் ஜெல் தடவிப் பார்ப்பார்கள். வலியே இல்லை. கலர் டாப்ளரைப் போட்டதும் திரையில் ரத்தம் சிவப்பும் நீலமுமாக ஓடும். பிஸ்டுலா அறைக்குள் திறக்கும் இடத்தில் மட்டும் பல நிறம் கலந்து ஒரு பீச்சல் தெரியும். கரோனரி தமனி கிளம்பும் இடமே வழக்கத்தைவிடப் பருத்திருப்பதுதான் பல சமயம் முதல் துப்பு.

சின்ன பிஸ்டுலா எக்கோவில் தப்பிவிடலாம், ஈசிஜியும் சுத்தமாக இருக்கலாம். 'அங்க நார்மல்னாங்க, இங்க இருக்குன்றாங்க' என்று சண்டைக்குப் போக வேண்டாம். வளைவு நெளிவோடு முழுப் பாதையையும் காட்டுவது சி.டி. ஆஞ்சியோ. அதற்குக் கையில் ஊசி வழியாக மருந்து ஏற்றுவார்கள். உடம்பு முழுக்கச் சூடு பரவுகிற மாதிரி சில விநாடி இருக்கும், பயப்பட வேண்டாம். சிறுநீரகக் கோளாறு, முன்பு இந்த மருந்துக்கு ஒவ்வாமை வந்தது, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போடுவது ஆகிய மூன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மூடுவது என்று முடிவானால் காத் லேபில் (ரத்தக் குழாய்க்குள் மெல்லிய குழாய் விட்டுப் பார்க்கும் அறையில்) எடுக்கும் ஆஞ்சியோகிராம்தான் இறுதி. அதில் அழுத்தத்தையும், நுரையீரலுக்கு எத்தனை மடங்கு ரத்தம் போகிறது என்பதையும் சேர்த்தே அளந்துவிடுவார்கள்.

சின்னது, அப்படியே விட்டுடலாம்னு டாக்டர் சொல்றாரு. நம்பலாமா?

நம்பலாம். தொந்தரவு இல்லாத, அறைகள் விரியாத சின்ன பிஸ்டுலாவைத் தொடாமல் விடுவது சரியான வைத்தியம். குழந்தைகளில் சின்னவை தானாகவே மூடிக்கொள்வதும் உண்டு. தேவையில்லாத இடத்தில் கம்பியை விடுவதுதான் ஆபத்து.

ஆனால் 'விட்டுடலாம்' என்றால் மறந்துவிடலாம் என்று அர்த்தமில்லை. எனக்கு மனம் பொறுக்காத விஷயம் இதுதான். ஒன்றும் செய்ய வேண்டாம் என்று கேட்ட சந்தோஷத்தில் ஃபைல் பீரோவுக்கு மேலே போய்விடுகிறது. குடிசைகளை அகற்றி, தூரத்தில் கண்ணகி நகர் பக்கம் வீடு மாற்றி அனுப்பிவிட்டால் ஃபைலும் இல்லை, புள்ளையும் வருவதில்லை. டாக்டர் சொன்ன இடைவெளியில் எக்கோ எடுத்து, பழைய அளவோடு புதிய அளவை ஒப்பிட வேண்டும். ரிப்போர்ட்டையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் போனில் படம் எடுத்து வீட்டில் இரண்டு பேரிடமாவது வையுங்கள். படங்களைப் பதிந்து தரும் டிஸ்க்கைப் பத்திரப்படுத்துங்கள்.

அப்ப எப்பதான் மூடணும்?

பெரிய பிஸ்டுலா என்றால் தொந்தரவு இல்லாவிட்டாலும் பெரும்பாலும் மூடச் சொல்வார்கள். நடுத்தரமானதோ சின்னதோ, அதனால் நெஞ்சு வலி, அறை விரிவு, பம்பிங் குறைவு, துடிப்புக் கோளாறு, உள்ளே கிருமித்தொற்று என்று ஏதாவது வந்திருந்தால் மூட வேண்டும். அளவைச் சொல்ல ஒரு முறை உண்டு. பிஸ்டுலா இல்லாத நல்ல கரோனரி தமனி ஒன்றின் விட்டத்தை எடுத்துக்கொள்வார்கள். பிஸ்டுலா அதைவிடச் சிறியதென்றால் சின்னது, 2 மடங்குக்கு மேல் போனால் பெரியது. நுரையீரலுக்குப் போகும் ரத்தம் உடம்புக்குப் போவதைவிட 1.5 மடங்குக்கு மேல் என்பதும் கணக்கில் வரும்.

'கல்யாணம் முடியட்டும்', 'பரீட்சை முடியட்டும்' என்று தள்ளலாமா என்று கேட்பவர்களுக்கு: சில மாதங்கள் என்றால் டாக்டரைக் கேட்டுத் தள்ளலாம். வருடக்கணக்கில் தள்ளினால் தமனி இன்னும் பருக்கும், பிறகு மூடுவதும் கடினம், மூடிய பின் சிக்கலும் அதிகம்.

நெஞ்சைக் கிழிக்கணுமா?

பலருக்கு வேண்டாம். 1983லிருந்தே கத்தி வைக்காமல் கம்பி வழியாக மூடும் முறை இருக்கிறது. தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிய குழாயைக் கரோனரி தமனி வரை கொண்டுபோய், காயில் என்ற உலோகச் சுருளையோ பிளக் என்ற அடைப்பானையோ பிஸ்டுலாவுக்குள் வைத்துவிடுவார்கள். குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்துச் செய்வார்கள்.

வைக்கும் இடம்தான் முக்கியம். தசைக்கு ரத்தம் கொடுக்கும் கடைசி நல்ல கிளையைத் தாண்டி, அறைக்குள் திறக்கும் வாய்க்கு எவ்வளவு பக்கமாக முடியுமோ அவ்வளவு பக்கமாக வைக்க வேண்டும். முன்னாலேயே வைத்துவிட்டால் நல்ல கிளையும் அடைபட்டு மாரடைப்பே வந்துவிடும். அதனால் நிரந்தரமாக மூடும் முன் பல சமயம் அங்கே ஒரு சின்ன பலூனை ஊதிச் சில நிமிடம் அடைத்துப் பார்ப்பார்கள். அந்த நிமிடங்களில் காத் லேபில் எல்லோர் கண்ணும் ஈசிஜி திரையில்தான் இருக்கும். கோட்டில் மாற்றம் இல்லை, நோயாளிக்கு நெஞ்சு வலி இல்லை என்றால்தான் அடுத்த வேலை. முடிந்த பிறகு சில மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும். 'கால் மரத்துப்போச்சு, கொஞ்சம் மடக்கிக்கிறேன்' என்று கெஞ்சுவார்கள். மடக்கினால் ரத்தம் கசியும், நாங்கள் விட மாட்டோம்.

பல வாய்கள் இருந்தாலோ, குழாய் மிக அகலமாக வீங்கியிருந்தாலோ, கம்பி போக முடியாத அளவு வளைந்திருந்தாலோ, நல்ல கிளைகள் ஒட்டியே இருந்தாலோ ஆபரேஷன்தான் பாதுகாப்பு. சிலருக்கு அதோடு பைபாஸும் சேர்த்துச் செய்ய வேண்டியிருக்கும். இதய ஆபரேஷன் என்றதும் நடுங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: இந்தியாவின் முதல் பைபாஸ் ஆபரேஷனை 1975ல் டாக்டர் கே.எம். செரியன் செய்தது நம்ம பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில்தான். இந்த வேலை நம் பக்கத்துக்குப் புதிதல்ல.

மூடியாச்சு. இனிமே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டாம்ல?

வர வேண்டும். வருடக்கணக்கில் பருத்துப்போன தமனி, மூடியதும் உடனே ஒல்லியாகிவிடாது. வேகமாக ஓடிய ரத்தம் இப்போது அந்த அகலமான குழாயில் மெதுவாகத் தேங்கும், தேங்கினால் உறையும். அதற்காகத்தான் ஆஸ்பிரின், சிலருக்கு வார்ஃபரின். வார்ஃபரின் என்றால், ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனை தவறாமல் பார்க்க வேண்டும். மூடிய இடத்தில் மிச்சம் கசிவதும், மறுபடி திறப்பதும் உண்டு. எக்கோவும் தேவைப்பட்டால் சி.டி.யும் எடுத்துப் பார்ப்பார்கள். உடம்பு நன்றாக இருக்கிறது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மருதம்பட்டை கஷாயம் குடிச்சா, கொழுப்பைக் குறைச்சா சரியாகுமா?

ஆகாது. இது கொழுப்பு படிந்து வந்த அடைப்பு இல்லை, பிறவியில் உள்ள வழி. எந்தக் கஷாயமும் எந்தப் பத்தியமும் அதை மூடாது. ஆஸ்பிரினோ வார்ஃபரினோ போடுகிறவர்கள் எந்த நாட்டு மருந்தானாலும் டாக்டரிடம் சொல்லாமல் சாப்பிடக் கூடாது. எண்ணெய், உப்பைக் குறைப்பதும் பீடி, சிகரெட்டை விடுவதும் நல்லது, ஆனால் அது வேறு காரணத்துக்காக.

ஒண்ணு ரெண்டு இல்ல, நுண்ணுசா நிறைய இருக்கு, மூட முடியாதுன்னுட்டாங்க. கைவிட்டுட்டாங்களா?

இல்லை. இதயச் சுவரில் நேராக அறைக்குள் திறக்கும் நுண்ணிய சிரைகள் நம் எல்லோருக்கும் இருக்கின்றன. 1708ல் தெபேசியஸ் விவரித்தவை. சிலருக்குத் தமனிகளிலிருந்தே இப்படி எண்ணற்ற நுண் வழிகள் இடது கீழறைக்குள் திறந்திருக்கும். ஆஞ்சியோவில் மருந்து விட்டால் தமனியிலிருந்து அறை முழுக்கப் புகையாகப் பரவும். அடைக்க ஒரு வாய் இருந்தால்தானே அடைப்பது! மருந்தால்தான் சமாளிக்க வேண்டும், பெரும்பாலும் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகள். நெஞ்சு வலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரை இந்த வகையினரில் சிலருக்கு வலியைக் கூட்டலாம். அடுத்த வீட்டுக்காரரின் மாத்திரையை வாங்கி வைக்காமல், உங்களுக்கு அது ஆகுமா என்று உங்கள் டாக்டரிடமே கேட்டு வையுங்கள்.

பச்சைக்குழந்தை நீலமா இருக்கு. நுரையீரல் வால்வே திறக்கல, கூடவே பிஸ்டுலாவும் இருக்குங்கறாங்க. வால்வைத் திறந்துவிட்டா போதாதா?

போதாமல் போகலாம், சில குழந்தைகளுக்கு ஆபத்தாகவும் ஆகலாம். வால்வு மூடியிருப்பதால் வலது கீழறையில் அழுத்தம் தாறுமாறாக ஏறி, அங்கிருந்து ரத்தம் பின்னோக்கி கரோனரி தமனிகளுக்குள் போகிறது. சில குழந்தைகளுக்கு இதயத் தசையின் ஒரு பகுதி அந்த ரத்தத்தை நம்பியே பிழைத்திருக்கும். வால்வைத் திறந்து அழுத்தத்தை இறக்கினால் அந்தப் பகுதி பட்டினியாகிவிடும். அதனால்தான் முதலில் ஆஞ்சியோ எடுத்துப் பார்த்துவிட்டு வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 'சும்மா டெஸ்ட் மேல டெஸ்ட் எடுக்கிறாங்க' என்று கோபப்படும் அப்பாக்களே, அந்த டெஸ்ட் உங்கள் குழந்தையைக் காப்பாற்றத்தான்.

பிஸ்டுலா இருக்கறவங்க புள்ள பெத்துக்கலாமா?

சின்னதென்றால் தாராளமாக. பெரியதென்றால் கர்ப்பம் தரிக்கும் முன்பே இதய டாக்டரைப் பார்த்து, மூட வேண்டுமென்றால் மூடிவிட்டுத் திட்டமிடுவது நல்லது. கர்ப்பத்தில் ரத்த அளவே கிட்டத்தட்ட பாதி கூடுகிறது, இதயத்துக்கு அது பெரிய வேலை. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் பதிவு செய்பவர்கள் முதல் வருகையிலேயே எக்கோ ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். 'சொன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவாங்க' என்று மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மறைக்காதீர்கள் அம்மா.

பையன் ஃபுட்பால் ஆடறான். நிறுத்தணுமா?

வியாசர்பாடியில் பந்தை நிறுத்தச் சொல்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். சின்ன பிஸ்டுலா, தொந்தரவு இல்லை, ட்ரெட்மில் சோதனையும் சரி என்றால் பொதுவாக நிறுத்த வேண்டியதில்லை. பெரியதென்றால் மூடி, டாக்டர் சம்மதம் சொல்லும் வரை ஆட்டம் வேண்டாம். ஓடும்போது மயங்கி விழுந்தாலோ நெஞ்சு வலித்தாலோ அன்றே காட்ட வேண்டும். காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்குபவருக்கும், துறைமுகத்தில் மூட்டை ஏற்றுபவருக்கும் இதே கணக்குதான். வேலைக்குப் போகலாமா என்று மொட்டையாகக் கேட்காமல், எத்தனை கிலோ தூக்குகிறோம் என்பதையும் சொல்லிக் கேளுங்கள்.

பல் புடுங்கறதுக்கு முன்னாடி ஹார்ட் டாக்டரைக் கேக்கச் சொல்றாங்களே, ஏன்?

ஈறிலிருந்து ரத்தத்துக்குள் போகும் கிருமி, பாய்ச்சல் அடிக்கும் இடத்தில் ஒட்டிக்கொண்டு வளரலாம். காயிலோ பிளக்கோ வைத்த முதல் 6 மாதத்துக்குப் பல் சிகிச்சைக்கு முன் ஆன்டிபயாடிக் போடச் சொல்வது வழக்கம். மற்ற நேரத்தில் தேவையா என்பதை டாக்டர் முடிவு செய்வார். தினமும் இரண்டு வேளை பல் துலக்குவதும் பான்பராக், ஹான்ஸ் போடாமல் இருப்பதும் அதைவிடப் பெரிய பாதுகாப்பு. ஒரு வாரத்துக்கு மேல் காய்ச்சல் விடாமல் அடித்தால் மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுவிடாதீர்கள். அதைப் போட்ட பிறகு ரத்தத்தைக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) அனுப்பினால் கிருமி சிக்காமல் போகலாம்.

எங்க காட்டறது? செலவுக்கு என்ன பண்றது?

வடசென்னைக்காரர்களுக்குப் பக்கத்தில் ஸ்டான்லி. அங்கே இதய நோய்ப் பிரிவு இருக்கிறது. சென்ட்ரல் எதிரில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. குழந்தை என்றால் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை. ரயில்வே குடும்பத்தாருக்குப் பெரம்பூர். தனியாரிடம் எடுத்த எக்கோ இருந்தாலும் கொண்டுபோங்கள், என்ன கோளாறு என்று முதல் நாளே சொல்வதற்கு அது உதவும்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று வேண்டும். அட்டை இல்லாதவர்கள் ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீசில் விசாரியுங்கள். ஆபரேஷன் தேதி வந்த பிறகு ஓடாதீர்கள். கையில் பிஸ்டுலா என்ற ரிப்போர்ட் வந்த வாரமே அட்டையைச் சரிபார்த்துவிடுங்கள். குழந்தையின் பெயர் ரேஷன் கார்டில் ஏறாமல் கடைசி நேரத்தில் அலைபவர்கள்தான் அதிகம்.

எந்த நேரத்துல தாமதிக்காம ஓடணும்?

ஓய்வில் இருக்கும்போதும் நெஞ்சை அழுத்துகிற வலி, வியர்வை, மயக்கம், படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்காருவது, குழந்தை பால் குடிக்க மறுத்து வெளிறிப்போவது ஆகியவற்றில் எது வந்தாலும் 108ஐ அழையுங்கள். ஆட்டோ தேடிக்கொண்டு நிற்காதீர்கள். பெரிய பிஸ்டுலாவை மூடியவர்களுக்கு நெஞ்சு வலி வந்தால், அது கேஸ் என்று சோடா குடித்துப் பார்க்கவே கூடாது. எமர்ஜென்சியில் டூட்டி டாக்டர் என்ன தொந்தரவு என்று கேட்டதும் முதல் வார்த்தையே 'கரோனரி பிஸ்டுலா இருக்கு' என்று சொல்லி, போனில் இருக்கும் ரிப்போர்ட்டையும் சாப்பிடும் மாத்திரைகளின் பெயரையும் காட்டுங்கள்.